ஆன்லைன் ஏஜென்டா, உள்ளூர் ஏஜென்டா?

பிரிட்டனில் கடந்த பத்து ஆண்டுகளில் வீடு வாங்கவோ விற்கவோ நினைத்தவர்களில் பர்ப்பிள்பிரிக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. மைக்கேல் புரூஸ், கென்னி புரூஸ் என்ற சகோதரர்கள் 2012-ல் தொடங்கிய நிறுவனம் அது. கமிஷனே கிடையாது, குறிப்பிட்ட ஒரு கட்டணம் கட்டினால் போதும் என்று தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்தது. 2015 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. 2017-ல் அதன் மதிப்பு நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், 2019-ல் இரண்டிலிருந்தும் திரும்பியது. 2023-ல் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு ஆன்லைன் நிறுவனம் அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

இதை வைத்து ஆன்லைன் ஏஜென்ட்களின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பர்ப்பிள்பிரிக்ஸ் பெயர் இன்றும் இருக்கிறது, வீடுகளும் விற்கின்றன. ஆனால் விலை மலிவு என்ற ஒரே காரணம் பெரும்பாலான விற்பவர்களை உள்ளூர் ஏஜென்டிடமிருந்து பிரித்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான பவுண்டு மிச்சமாகும் என்று தெரிந்தும் அவர்கள் ஏன் கடைத்தெருவுக்கே போகிறார்கள்? பழக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது.

முதலில் பணக் கணக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பவர் விற்பவர் மட்டுமே. வாங்குபவரிடம் அவர் கமிஷன் கேட்பதில்லை. சென்னையிலோ கொழும்பிலோ தரகருக்கு இரண்டு பக்கமும் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது முதலில் விளங்காது. உள்ளூர் ஏஜென்டின் கமிஷன் பொதுவாக விற்பனை விலையில் 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும். லண்டனில் அதற்கு மேலும் கேட்பார்கள். அதன்மேல் 20 சதவீதம் வாட் வரி. பல நேரங்களில் வாட் சேர்க்காத எண்ணே கண்ணில் படும். ஹாரோவில் 4,50,000 பவுண்டுக்கு ஒரு வீடு போகிறது, கமிஷன் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கமிஷன் 6,750, வாட் 1,350, ஆக மொத்தம் 8,100 பவுண்டு. அதே வீட்டை ஆன்லைன் ஏஜென்ட் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பவுண்டுக்குள் எடுத்துக்கொள்வார். ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் வித்தியாசம். சொலிசிட்டர் செலவும் வீடு மாற்றும் வேன் செலவும் அதில் அடங்கி, மிச்சமும் இருக்கும்.

ஆனால் இந்த இரண்டு தொகைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. உள்ளூர் ஏஜென்டின் 8,100 பவுண்டு வீடு விற்றால்தான் போகும். சாவி கைமாறும் கம்ப்ளீஷன் நாளில் விற்ற பணத்திலிருந்தே சொலிசிட்டர் அதைக் கொடுத்துவிடுவார். ஆன்லைன் கட்டணம் பெரும்பாலும் வீட்டைப் பட்டியலில் போடுவதற்கான கட்டணம். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அது போனது போனதுதான். ஆறு மாதம் கிடந்து விற்காமல் போனால் ஒருவருக்குச் செலவு ஒன்றுமில்லை, இன்னொருவருக்கு ஆயிரத்துச் சொச்சம் நட்டம், அதன்பின் உள்ளூர் ஏஜென்டிடம் போனால் அவருடைய கமிஷன் தனி. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் எடைபோட வேண்டும்.

ஒரே ஜன்னல்

ஆன்லைன் நிறுவனங்கள் தங்கள் வழியாக நாடு முழுவதும் உள்ளவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள் என்கின்றன. உள்ளூர் ஏஜென்டோ வாங்கக் காத்திருப்பவர்களின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் இன்று வீடு தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ரைட்மூவ், ஜூப்லா என்ற இணையதளங்கள்தான். ரைட்மூவ் 2000-ல் நான்கு பெரிய ஏஜென்ட் குழுமங்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே ஏஜென்ட்கள்தாம் வீடுகளைப் பட்டியலிட முடியும், வீட்டுக்காரர் தானாக நுழைய முடியாது. ஆன்லைன் ஏஜென்ட் விற்கும் முதல் பொருள் இந்த நுழைவுச் சீட்டுத்தான். உள்ளூர் ஏஜென்டும் அதே ஜன்னலில்தான் வீட்டை வைக்கிறார். ஆகவே யார் வழியாக விற்றாலும் வீட்டைப் பார்க்கும் கூட்டம் ஏறத்தாழ ஒன்றே.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? படம் எடுப்பதில் இல்லை. ஆன்லைன் நிறுவனங்களும் நல்ல புகைப்படக்காரரை அனுப்புகின்றன, வீட்டின் வரைபடம் போட்டுத் தருகின்றன, வாசலில் பலகை நடுகின்றன. வேறுபாடு தொடங்குவது மூன்று இடங்களில்: விலை குறிப்பதில், வந்தவரிடம் பேசுவதில், எல்லாவற்றுக்கும் மேலாக ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகு.

விலையை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அங்கே விற்பவரே தன்னைக் காத்துக்கொள்ள முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995-லிருந்து விற்ற எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்பதை லேண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசமாக வெளியிடுகிறது. அதே தெருவில், அதே அளவில் கடந்த ஓராண்டில் விற்ற வீடுகளைத் தேடி எடுப்பது அரை மணி நேர வேலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரை மதிப்பிட அழைக்க வேண்டும், அதில் ஒருவர் ஆன்லைன்காரராக இருக்கட்டும். மூவரில் அதிக விலை சொன்னவரே கெட்டிக்காரர் என்று முடிவுகட்டுவது மிகவும் பொதுவான தவறு. ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக முப்பதாயிரம் கூட்டிச் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து விலையைக் குறைக்கலாமா என்று கேட்பது பழைய வித்தை. ரைட்மூவில் விலை குறைத்த தேதி எல்லார் கண்ணிலும் படும். ஒருமுறை குறைத்த வீட்டுக்கு வருகிறவர் இன்னும் குறையும் என்ற நினைப்போடுதான் வருவார். எனவே விலை சொல்கிற ஏஜென்டிடம், அந்த விலைக்கு ஆதாரமாக அவரே விற்ற மூன்று வீடுகளைக் கேட்பது நியாயம். உள்ளூரில் நிஜமாகவே வேலை செய்பவர் உடனே சொல்லிவிடுவார்.

ஆஃபர் வந்த பிறகுதான் வேலை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஃபரை ஏற்றுக்கொள்வது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரை எந்தப் பக்கமும் எந்த நிமிடமும் விலகலாம். வாங்குபவர் விலையைக் குறைக்கலாம், விற்பவர் அதிகம் தருபவரிடம் போகலாம். இடையில் ஓடுவது வாரங்கள் அல்ல, மாதங்கள். பேசி முடித்த விற்பனைகளில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கு மேலோ நடுவில் முறிந்துபோவதாகப் பல ஆண்டுகளாக இத்துறையின் கணக்குகள் காட்டிவருகின்றன. ஸ்காட்லாந்தில் கதை வேறு. அங்கே சொலிசிட்டர்களே பெருமளவில் வீடு விற்றுத் தருகிறார்கள், 2008 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு வீட்டின் நிலையையும் மதிப்பையும் சொல்லும் ஹோம் ரிப்போர்ட்டை விற்பவர் முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும், ஒப்பந்தமும் சீக்கிரமே உறுதியாகிவிடும். இந்த அத்தியாயம் பேசுவது எல்லைக்குத் தெற்கே உள்ள நிலைமையை.

ஒரு விற்பனை இன்னொன்றை நம்பி நிற்கும் தொடருக்குச் செயின் என்று பெயர். அப்படி ஒரு செயினை அருகில் வைத்துப் பார்த்தால் இது புரியும். ஈஸ்ட் ஹாமில் மூன்று அறை வீட்டை விற்கும் குடும்பம் இல்ஃபோர்டில் பெரிய வீடு வாங்குகிறது. அவர்களுடைய வீட்டை வாங்குபவர் முதலில் தன் ஃப்ளாட்டை விற்க வேண்டும். அந்த ஃப்ளாட்டை வாங்குவது முதல்முறை வீடு வாங்கும் ஒரு இளம் தம்பதி. இல்ஃபோர்டு வீட்டுக்காரரோ வேறு ஊரில் ஒரு வீட்டுக்கு ஆஃபர் போட்டிருக்கிறார். நான்கு விற்பனை, ஐந்தாறு சொலிசிட்டர்கள், மூன்று நான்கு வங்கிகள். இளம் தம்பதியின் வங்கி அந்த ஃப்ளாட்டின் மதிப்பைப் பத்தாயிரம் குறைத்துப் போட்டுவிட்டால் ஈஸ்ட் ஹாம் வீட்டு விற்பனை நின்றுபோகும். ஆனால் அந்தச் செய்தி ஈஸ்ட் ஹாம் குடும்பத்துக்குத் தானாக வந்து சேராது. யாரோ ஒருவர் கீழே உள்ள ஏஜென்டைக் கூப்பிட்டு, என்ன தாமதம் என்று கேட்டு, குறையும் பத்தாயிரத்தைச் செயினில் உள்ளவர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசி முடிக்க வேண்டும். சொலிசிட்டர் இதைச் செய்யமாட்டார், அது அவர் வேலையும் அல்ல. நல்ல ஏஜென்ட் தன் கமிஷனைச் சம்பாதிப்பது இந்தத் தொலைபேசி அழைப்புகளில்தான்.

விற்பனையை முடிக்கும்வரை பின்தொடரும் இந்த வேலைக்கு உள்ளூர் அலுவலகங்களில் பெரும்பாலும் தனி ஆளே இருப்பார். ஆன்லைன் நிறுவனங்களிலும் அதற்குக் குழு உண்டு, சில இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அங்கே ஒருவர் கையில் எத்தனை விற்பனைகள், அவர் எங்கிருந்து பேசுகிறார், அவர் விடுப்பில் போனால் யார் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதற்கே முதலிடம்: ஆஃபர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து சாவி கைமாறும் நாள் வரை வேலையைப் பார்க்கப்போவது யார், அவருடைய நேரடித் தொலைபேசி எண் கிடைக்குமா? வீட்டுக்கு வந்து இனிக்கப் பேசி ஒப்பந்தம் பிடிப்பவரும் பிறகு வேலை செய்பவரும் ஒருவராகவே இருப்பதில்லை. இது உள்ளூர் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

கமிஷன் வாங்குகிறவர் விலையை உயர்த்தப் பாடுபடுவார் என்ற வாதமும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. 1.5 சதவீதத்தில் விற்பவருக்குப் பத்தாயிரம் பவுண்டு கூடுதலாக வாங்கித் தந்தால் ஏஜென்ட் அலுவலகத்துக்குக் கிடைப்பது 150 பவுண்டு. அதற்காக இன்னும் ஒரு மாதம் காத்திருக்க யாருக்கு மனம் வரும்? ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் பத்து நாள் அதிகம் காத்திருந்து, மற்றவர்களுடைய வீட்டைவிட 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். அங்கே கமிஷன் முறை வேறு என்றாலும், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் கமிஷன் முறையிலேயே இருக்கிறது என்பது இங்கும் உண்மை. முன்பணம் வாங்கிய ஆன்லைன் நிறுவனத்துக்கோ அந்த 150 பவுண்டு கூட இல்லை. கட்டணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது.

பேரம் பேசுவது விற்பவருக்கே கைவந்த கலை என்றால் இது பெரிய குறையல்ல. வந்தவருக்கு வீட்டைத் தானே காட்டி, கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லி, ஆஃபர் வந்ததும் இறங்காமல் நிற்கத் தெரிந்தவர்கள் நம்மவர்களில் ஏராளம். ஆனால் தன் வீட்டைத் தானே காட்டும்போது வருகிறவர் மனம் திறந்து பேசமாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சமையலறை சின்னது, பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கிறது என்பதையெல்லாம் அவர் ஏஜென்டிடம் சொல்வார், வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். என்ன தடை என்று தெரியாமல் தடையை நீக்க முடியாது. ஆன்லைன் நிறுவனங்களில் ஆள் வைத்து வீட்டைக் காட்டும் சேவை பெரும்பாலும் தனிக் கட்டணம். இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே மலிவு என்ற முடிவுக்கு வர வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் அடுத்த சில பத்திகளை மறக்கக் கூடாது. பணம் போவது கமிஷன் விகிதத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தத்தின் சொற்களிலும்தான்.

உள்ளூர் ஏஜென்ட் நீட்டும் தாளில் சோல் ஏஜென்சி என்று இருந்தால், அந்தக் காலத்தில் வேறு ஏஜென்ட் வழியாக விற்றால் கமிஷன் தர வேண்டும். விற்பவர் தானாக ஒருவரைக் கண்டுபிடித்து விற்றால் தர வேண்டியதில்லை. சோல் செல்லிங் ரைட்ஸ் என்று இருந்தால் விற்பவர் தானே ஆள் பிடித்தாலும் கமிஷன் போகும். நமது சமூகத்தில் இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. வெம்ப்ளியிலோ டூட்டிங்கிலோ ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் அந்தச் செய்தி கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பரவிவிடும். மைத்துனருடன் வேலை செய்பவர் ஒருவர், ஏஜென்டைப் பார்க்காமலே நேராக வந்து கேட்பார். கையெழுத்திட்டது சோல் செல்லிங் ரைட்ஸ் என்றால் அவருக்கு விற்றாலும் எட்டாயிரம் பவுண்டு ஏஜென்டுக்குத்தான். அந்தச் சொற்களை அடித்துவிட்டு சோல் ஏஜென்சி என்று மாற்றித் தரும்படி கேட்டால் பல ஏஜென்ட்கள் மாற்றித் தருவார்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

மூன்றாவது ஒரு தொடர் உண்டு: ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள் பர்ச்சேசர். வாங்கத் தயாராகவும் வசதியோடும் ஒருவரைக் கொண்டுவந்துவிட்டால், விற்பவர் மனம் மாறி விலகினாலும் கமிஷன் தர வேண்டும் என்பது அதன் பொருள். 1979-ம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்கள் சட்டத்தின் கீழ் 1991-ல் வந்த விதிகள், இந்த மூன்று தொடர்களையும் ஏஜென்ட் எழுத்தில் விளக்க வேண்டும் என்கின்றன. விளக்கம் தாளில் எங்கோ இருக்கும், தேடிப் படிக்க வேண்டும். இந்த மூன்றாவது தொடர் இருந்தால் நீக்கச் சொல்வதே புத்திசாலித்தனம்.

வாய்ப்பேச்சுக்கும் பலம் உண்டு என்பதை 2019-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு காட்டுகிறது. 2008-ல் கிழக்கு லண்டன் ஹாக்னியில் விற்காமல் கிடந்த ஏழு ஃப்ளாட்களைப் பற்றி அவற்றைக் கட்டியவரும் ஒரு ஏஜென்டும் தொலைபேசியில் பேசினார்கள். 2 சதவீதமும் வாட் வரியும் என்றார் ஏஜென்ட். எப்போது கொடுக்க வேண்டும் என்று பேச்சே எழவில்லை. ஏஜென்ட் கொண்டுவந்த வீட்டுச் சங்கம் ஒன்று ஏழையும் 21 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கமிஷன் கேட்டபோது ஒப்பந்தமே இல்லை என்று மறுத்தார் கட்டியவர். ஒப்பந்தம் உண்டு, விற்பனை முடிந்ததும் அந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் புரிந்ததே என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் சட்டம் கேட்கும் விவரங்களை ஏஜென்ட் நேரத்துக்கு எழுத்தில் தராததால் விசாரணை நீதிபதி மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தார். கடைசியில் நின்ற தொகை 32,900 பவுண்டு. எழுத்தில் தராத ஏஜென்டுக்கும் நட்டம், தொலைபேசியில் சரி என்றவருக்கும் தப்ப வழியில்லை.

கையெழுத்து எங்கே போடுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. 2013-ம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இணையத்திலோ விற்பவரின் வீட்டிலோ கையெழுத்தான ஒப்பந்தத்தைப் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். ஏஜென்டின் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட கையெழுத்துக்கு அந்த உரிமை இல்லை. வேலையை உடனே தொடங்கச் சொல்லியிருந்தால் அதுவரை செய்த வேலைக்குப் பணம் கேட்கலாம் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

ஆன்லைன் ஒப்பந்தங்களில் பார்க்க வேண்டியவை வேறு. கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம், பத்து மாதம் கழித்துக் கட்டலாம் என்ற சலுகை பல நேரங்களில் ஒரு கடன் ஒப்பந்தம். வீடு விற்காவிட்டாலும் தவணை வந்ததும் கட்டியாக வேண்டும். அதோடு நிறுவனம் சொல்லும் சொலிசிட்டரையே வைத்துக்கொள்ள வேண்டும், மறுத்தால் தனிக் கட்டணம் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வரலாம். ஸ்ட்ரைக் போன்ற நிறுவனங்கள் அடிப்படைச் சேவையை இலவசமாகவே தந்திருக்கின்றன. சொலிசிட்டர், மார்ட்கேஜ் வேலைகளைக் கைகாட்டி விடுவதிலும் கூடுதல் சேவைகளிலும்தான் அவர்களுக்கு வருமானம். இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் கைகாட்டும் சொலிசிட்டரின் கட்டணத்தை வெளியில் இரண்டு பேரிடம் விசாரித்து ஒப்பிடாமல் இலவசம் என்று நம்பிவிடக் கூடாது.

முன்பணத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஈமூவ் என்ற ஆன்லைன் நிறுவனம் 2018-ல் டெப்பிலோ என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து பெரிதாகி, அதே ஆண்டு டிசம்பரில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. உள்ளூர் ஏஜென்ட் கடையை மூடினால் விற்பவருக்குக் காலம்தான் வீண். முன்பணம் கட்டியவர் கடன்கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுவது ஒரு தற்காப்பு, ஏனெனில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட வாங்கலில் சேவை கிடைக்காமல் போனால் கார்டு நிறுவனத்திடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் சொல்கிறது.

உள்ளூர்க்காரர் என்றால் நியாயமாக நடப்பார் என்ற நம்பிக்கைக்கும் எல்லை வேண்டும். சாமர்செட் மாவட்டத்தில் பர்ன்ஹம்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரின் ஏஜென்ட்கள் கூடிப் பேசி, 1.5 சதவீதத்துக்குக் குறைவாக யாரும் கமிஷன் வாங்குவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்கள். போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2017-ல் அவர்களுக்கு மொத்தம் 3,70,000 பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. ஊரில் எல்லா ஏஜென்டும் ஒரே விகிதம் சொன்னால் அதுதான் சந்தை விலை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. கமிஷன் பேசித் தீர்க்கும் விஷயம். ஆன்லைன் நிறுவனத்தின் கட்டணச் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசினால் 1.5 என்றவர் 1.1-க்கு இறங்குவது அபூர்வமல்ல. ஆன்லைன் ஏஜென்ட்கள் வந்ததால் அவர்களிடம் போகாத விற்பவருக்கும் கிடைத்த நன்மை இது.

எந்த வீட்டுக்கு எது

நூறு வீடுகள் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் தெருவில் நிலமும் சொந்தமான ஃப்ரீஹோல்ட் வீடு, தெருவில் எது விற்பனைக்கு வந்தாலும் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது, விற்பவர் வேறு வீடு வாங்கவில்லை, பகலில் தொலைபேசி எடுக்கவும் ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேரம் பேசவும் அவரால் முடியும் என்றால் ஆன்லைன் ஏஜென்ட் போதும். ஆறாயிரம் பவுண்டை வேறொருவருக்குக் கொடுக்க அங்கே காரணம் இல்லை.

நீண்ட காலக் குத்தகையில் இருக்கும் லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் என்றால் யோசிக்க வேண்டும். குத்தகைக் காலம் 80 ஆண்டுக்குக் கீழே போய்விட்ட ஃப்ளாட்டுக்குக் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும், நீட்டிக்கும் செலவும் ஏறும். 2017-ல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் உயிரிழந்த பிறகு, வெளிச்சுவரின் தீப்பாதுகாப்பைப் பற்றிய சான்று இல்லாமல் பல கட்டடங்களில் விற்பனையே நின்றுபோனது. இப்படிப்பட்ட ஃப்ளாட்டை விற்க, அந்தக் கட்டடத்திலேயே முன்பு விற்றுத் தந்தவர், அங்கே எந்த வங்கி கடன் கொடுத்தது என்று தெரிந்தவர் வேண்டும். இறந்துபோன பெற்றோரின் வீடு, வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு, விற்பவர் டொரண்டோவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் வீடு, நீண்ட செயினில் மாட்டிய வீடு, இவற்றுக்கெல்லாம் சாவியை வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கும் ஒருவர் அவசியம். அங்கே கமிஷன் வீண் செலவல்ல.

தமிழ் ஏஜென்டிடம் கொடுப்பதா என்ற கேள்வி ஹாரோ, ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் அடிக்கடி எழும். மொழியும் பழக்கமும் பெரிய வசதிதான். ஆனால் தெரிந்தவர் என்ற கூச்சத்தால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதும், விகிதத்தைப் பேசத் தயங்குவதும் அந்த வசதியைத் தின்றுவிடும். மற்ற எவரிடமும் கேட்கும் அதே கேள்விகளை அவரிடமும் கேட்க வேண்டும். நல்ல ஏஜென்ட் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இங்கிலாந்தில் எஸ்டேட் ஏஜென்ட் ஆக உரிமமோ தேர்வோ வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைனோ கடையோ, புகார்களைத் தீர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ப்ராப்பர்ட்டி ஆம்பட்ஸ்மன் அவற்றில் பெரியது. உறுப்பினரா என்று அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஏஜென்டிடமே முதலில் எழுத்தில் புகார் செய்து, எட்டு வாரத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் அங்கே போகலாம். விற்பவருக்குச் செலவில்லை, 25,000 பவுண்டு வரை இழப்பீடு தரச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. வந்த ஆஃபரைச் சொல்லாமல் மறைப்பதும், தன் நிறுவனத்தில் மார்ட்கேஜ் எடுக்காதவரின் ஆஃபரைப் பின்னுக்குத் தள்ளுவதும் சட்டவிரோதம். ஆஃபர்கள் எல்லாம் உடனுக்குடன் எழுத்தில் வர வேண்டும்.

ஒப்பந்தக் காலத்தை 12 வாரத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது, எட்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. காலம் முடிந்தாலும் பல ஒப்பந்தங்கள் தானாக முடிவதில்லை, இரண்டு வாரம் அல்லது நான்கு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்தே வெளியேற வேண்டும். அந்த அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்கி வைக்க வேண்டும். ஏஜென்டை மாற்றும்போது இரண்டு பேருக்கும் கமிஷன் கொடுக்க நேரும் ஆபத்து உண்டு. ஃபாக்ஸ்டன்ஸ் என்ற ஏஜென்ட் நிறுவனம் தொடர்ந்த ஒரு வழக்கில், அது முதல் ஏஜென்டாக வீட்டைக் காட்டியபோது ஆர்வம் காட்டாத ஒரு பெண், பிறகு வேறு ஏஜென்ட் வழியாக அதே வீட்டை வாங்கினார். வீட்டைக் காட்டியதால் மட்டும் அந்த விற்பனை முதல் ஏஜென்டால் நடந்ததாகாது என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்பவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்புக்காக விற்பவர்கள் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. எனவே வெளியேறும் நாளிலேயே, தன் வழியாக வீட்டைப் பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பழைய ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் புதியவரிடம் கொடுத்து, அவர்களில் யாராவது வாங்கினால் கமிஷன் யாருக்கு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.